இருபத்து மூன்றாம் படுக்கையின் வன்முறை வரலாறு

டம்ளர் விழுந்தது. 'எறிந்தார்' என்று ஜெசிந்தா எழுதினாள்.

அப்போது அவளுக்கு அதில் பெரிய குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அரசு மருத்துவமனை ஆண்கள் பொது வார்டு. நாற்பது படுக்கை, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர். அந்தப் பணியாளரும் பாதி நேரம் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவார். இருபத்து மூன்றாம் படுக்கையில் சோணைமுத்து. வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்றெட்டு கிலோ, பைபாஸ் ரோட்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வரும். அவரைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும்.

ஆள் கேட்டு ஜெசிந்தா அதுவரை பதினோரு கடிதம் எழுதியிருந்தாள். பதினொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பன்னிரண்டாவது கடிதத்தை அவள் எழுதவே இல்லை. அதற்கும் பரிசீலனையில் உள்ளது என்று வந்துவிட்டது.

ஆனால் 'சாந்தம்' இருந்தது.

சாந்தம் வந்து மூன்று வருடம். எங்கோ ஒரு நோயாளியின் மச்சான் பயிற்சி மருத்துவர் ஒருவரை நாற்காலியால் அடித்து, மருத்துவர்கள் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கணினி ஏற்பாட்டை வாங்கிப் போட்டார்கள். ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் ஒரு கண், ஒரு காது. யார் எப்போது கை நீட்டுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். நர்ஸ் செய்ய வேண்டியது ஆறு கேள்விக்கு டிக் அடிப்பது மட்டும்தான்: குழம்பியிருக்கிறாரா, எரிந்து விழுகிறாரா, கத்துகிறாரா, மிரட்டுகிறாரா, கை ஓங்கினாரா, எதையாவது எறிந்தாரா. டிக்கையும் தான் பார்த்ததையும் கூட்டிச் சாந்தம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடும். மூன்று வரை கையில் பச்சைப் பட்டை. ஆறு வரை மஞ்சள். ஏழிலிருந்து சிவப்பு. சிவப்பு விழுந்த பத்தாவது நிமிடம் இரண்டு செக்யூரிட்டிகள் வந்து கட்டிலருகே நிற்பார்கள், இருபத்து நாலு மணி நேரமும், ஷிப்ட் மாற்றி.

நோயாளியைத் தூக்க ஆள் வேண்டும் என்றால் வராது. நோயாளி அடிக்கிறார் என்றால் வரும். வருகிறவனும் ஆள்தான், அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது. இதை ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை. சோணைமுத்து விழுந்த கையால்தான் குடிப்பேன் என்று வீம்புக்கு டம்ளரைப் பிடித்தார், அது நழுவியது, அவள் எழுதினாள். எட்டு வந்தது.

தவசியும் காசிமாயனும் ஹெல்மெட், பிரம்பு, கேடயத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

"எவன் சிஸ்டர்?"

"இவருதான்."

தவசி கட்டிலைப் பார்த்தான். சோணைமுத்து சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் மட்டும் வந்தது.

"இவரா? என்ன பண்ணாரு?"

"டம்ளரை எறிஞ்சாரு."

"எங்க எறிஞ்சாரு?"

"கட்டிலுக்குக் கீழ."

தவசி குனிந்து டம்ளரைப் பார்த்தான். நிமிர்ந்து வார்டைப் பார்த்தான். அங்கே ஏற்கெனவே ஆறு பேருக்குச் சிவப்புப் பட்டை இருந்தது, அவர்களுக்கு வந்த ஆட்களைப் புதிதாகச் சிவப்பு விழுந்த வேறு வார்டுகளுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். ஆறு பேரும் அசையாமல் கிடந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்தான்.

"சரி. எந்தப் பக்கம் திருப்பணும்?"

மனைவி பஞ்சவர்ணத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. கணவரின் கையில் சிவப்பைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவின் மேஜைக்கு வந்தாள்.

"இருவத்தெட்டு வருசமாச்சு சிஸ்டர், என்னையவே ஒரு நாள் கை ஓங்குனதில்ல. ஓட்டல்ல சப்ளையர் பயலுக அடிச்சாக்கூட வாங்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்லுவாரு. அவருக்குப் போயி இதக் கட்டி வச்சிருக்காகளே."

"அக்கா, அது காகிதத்துக்கு. ரெண்டு ஆளு வந்துருக்காங்கள்ல, அதைப் பாருங்க."

பஞ்சவர்ணம் பார்த்தாள். இரண்டு ஆளும் அவள் கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, லுங்கியை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் போய் அவர்களுக்கு டீ வாங்கி வந்தாள்.

சோணைமுத்துவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. பத்தொன்பதாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதினார். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் கணக்கு. அதற்குள் தினமும் பயிற்சி கொடுத்தால் கை திரும்பும். விட்டுவிட்டால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொள்ளும், அப்புறம் திறக்காது. மையம் நாற்பது கிலோமீட்டரில் இருந்தது. ஜெசிந்தா போன் போட்டாள்.

"பெட் இருக்கா சார்?"

"பதினாலு காலியா இருக்கும்மா. பேஷண்ட் நம்பர் சொல்லுங்க." எதிர்முனையில் விசைப்பலகை சத்தம். "சிவப்பா? சிவப்புக்கு பெட் இல்லம்மா."

"பதினாலு காலின்னீங்க?"

"ஆமா. பதினாலும் பச்சைக்கு."

"சார், அவரால எந்திரிக்கவே முடியாது."

"எந்திரிக்க வைக்கத்தானம்மா இங்க அனுப்புறீங்க."

ஜெசிந்தா போனை வைத்தாள். அன்றிலிருந்து சோணைமுத்துவின் ஆறு கேள்விக்கும் இல்லை, இல்லை என்றே அடித்தாள். ஒரு வாரத்தில் எண் எட்டிலிருந்து எட்டு புள்ளி நாலு ஆனது. இரண்டாவது வாரம் எட்டு புள்ளி ஒன்பது.

பிசியோ ஆல்வின் புதன்கிழமைதோறும் வார்டுக்கு வருவார். சிவப்பு நோயாளியை ஆறடிக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு தன் கையைத் தூக்கிக் காட்டுவார்.

"அண்ணே, இந்தா இப்படி. விரலை விரிங்க."

"விரியலையே சார்."

"நான் தொட்டு விரிச்சு விடணும். தொடக் கூடாதே. மனசால விரிங்க."

சோணைமுத்து மனசால விரித்தார். நேரம் கிடைத்தபோது ஜெசிந்தா போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் செய்ய வேண்டியதை நாலு நிமிடம் செய்வாள், அதற்குள் வேறு படுக்கையில் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஐம்பதாம் நாள் அரை நாள் விடுப்புப் போட்டுக் கலெக்டர் ஆபீஸ் மூன்றாவது மாடிக்குப் போனாள். மாவட்டத்துக்குச் சாந்தத்தின் பொறுப்பாளர் நிலோஃபர் என்ற பெண். இருபத்தாறு வயதிருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். திரையில் இருபத்து மூன்றாம் படுக்கையைத் திறந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"சிஸ்டர், இவரை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"சமாளிக்க அவர்கிட்ட ஒண்ணுமில்லங்க மேடம்."

"இல்ல, இங்க பாருங்க. ரெண்டு செக்யூரிட்டி சேர்ந்து இவரை அமுக்கிப் பிடிச்சது, ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை. மாவட்டத்துலயே முதல் வரிசையில இருக்காரு. இதே பட்டியல்ல ஒருத்தரு கொலைக் கேஸு. அவரையே ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பிடிச்சிருக்காங்க."

ஜெசிந்தா குனிந்து திரையில் இருந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது புரட்டிப் போடுறதும்மா. ரெண்டு மணிக்கு ஒரு தடவை."

நிலோஃபர் திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"முழுசா சொல்லுங்கக்கா."

ஜெசிந்தா முழுசாகச் சொன்னாள். டம்ளரையும் சொன்னாள்.

"சாந்தத்துக்கு அது தெரியாதுக்கா," என்றாள் நிலோஃபர். "செக்யூரிட்டி கை நோயாளி மேல பட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. அடங்கின ஆளை எதுக்குத் தினமும் பன்னெண்டு தடவை அமுக்கணும்னு அது யோசிக்குது. நீங்க ஒண்ணுமில்லன்னு டிக் அடிக்க அடிக்க, இந்த நர்ஸ் பழகிப்போயிட்டாங்கன்னு எடுத்துக்குது."

"அப்ப புரட்டாம விட்டா நம்பர் இறங்குமா?"

"இறங்கும். ஒரு மாசத்துல."

"ஒரு மாசம் புரட்டாம விட்டா ஆளு இருக்க மாட்டாரும்மா."

"நம்பர் இறங்கிரும்," என்றாள் நிலோஃபர். சொன்ன பிறகு அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும், குனிந்துகொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். போன மாசத்துல இருந்து பக்கவாதத்தோட வர்றவங்களுக்கு அது வாசல்லயே சிவப்பு போடுது. யாரும் டிக் அடிக்கறதுக்கு முன்னாடியே. கொஞ்சம் குண்டா இருந்தா ஒரு நம்பர் கூடுதலா போடுது. ஏன்னு எங்க யாருக்கும் புரியல. மூணு வருசத்துல அதுக்குக் கிடைச்ச வன்முறைல பாதிக்கு மேல, எந்திரிக்க முடியாம கிடக்கிறவங்க பண்ணதா இருக்கு. தமிழ்நாடு முழுக்க."

"எல்லாருமா எழுதியிருக்காங்க?"

"எல்லாரும்தான். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு."

வெளியே வராந்தாவில் யாரோ மனு எழுத பேனா கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மேஜை மேல் வைத்தாள்.

"நான் எழுதினதை நானே பொய்னு சொல்லி அழிக்க முடியுமா?"

"திருத்தப் படிவம்னு ஒண்ணு இருக்கு. உங்க கையெழுத்துல எழுதி ஸ்கேன் பண்ணிப் போடலாம். ஆனா உங்க மேல விசாரணை வரும். அது போக, நீங்க போட்ட சிவப்பு எல்லாம் ஒரே நாள்ல பச்சையாயிரும். செக்யூரிட்டிங்களை எடுத்துருவாங்க."

"மத்த ஆறு பேரை யாரு புரட்டுவா?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்லக்கா," என்றாள் நிலோஃபர். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

படிவத்தை ஜெசிந்தா நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஆறு பேரில் இரண்டு பேர் எப்படியும் இந்த மாதம் தாண்ட மாட்டார்கள். ஒருவருக்கு மகன் இருக்கிறான், சொன்னால் வருவான். மீதி மூன்று பேருக்கு யாருமில்லை. மூன்று முதுகா, ஒரு கையா. இப்படியெல்லாம் கூட்டிக் கழிக்க நர்சிங் பள்ளியில் சொல்லித் தரவில்லை. தவசியிடம் மட்டும் சொன்னாள்.

"எழுதிக் குடுத்துட்டா உங்களை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திருவாங்க தவசி."

"மாத்தட்டும் சிஸ்டர். எனக்கு ஒரே பயம்தான். போற எடத்துல எவனாச்சும் நெசமாவே அடிக்க வந்துட்டான்னா என்ன பண்றது? மூணு வருசமா இப்படி முதுகுக்குப் பவுடர் போடுற வேலையே பாத்துக் கை பழகிப்போச்சு."

காசிமாயன் சிரித்தான். சோணைமுத்துவும் சிரித்தார். சிவப்பு நோயாளிக்குப் பார்வை நேரம் தினமும் பத்து நிமிடம்தான். பஞ்சவர்ணம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். கணவரின் இடது கையை மடியில் வைத்திருப்பதைப் போல முந்தானையில் ஏந்தியிருந்தாள். விரல்கள் பாதி மடங்கியிருந்தன. போன வாரம் அவ்வளவு மடங்கவில்லை.

"ஒத்தக் கையால மாவு வீச முடியாது தங்கச்சி," என்றார் சோணைமுத்து. நாக்கு குழறினாலும் நிதானமாகச் சொன்னார். "ஒரு கை இழுக்கும், ஒரு கை விடும். விடுற கை இதுதான். முட்ட வேணா உடைக்கலாம். அம்பத்தி ரெண்டு வயசுல முட்ட உடைக்கிற வேலைக்கு எவன் சேப்பான்."

பஞ்சவர்ணம் ஜெசிந்தாவைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடைக்காரனிடம் மீதிச் சில்லறை கேட்பதுபோல் கேட்டாள்.

"நீங்க எழுதுனதுதான சிஸ்டர். நீங்களே அழிச்சு விட்ருங்க."

ஜெசிந்தா மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். 'சோணைமுத்து யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டம்ளர் கை நழுவி விழுந்தது. புரட்டிப் போட ஆள் வேண்டும் என்பதற்காக நான் பொய்யாக எழுதினேன். மற்ற ஆறு பேருக்கும் அப்படியே.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு வார்டுத் திரையில் இருபத்து மூன்றாம் படுக்கைக்கு நேராக எண் மாறியது.

பத்து.

மாவட்டத்தில் அதுவரை யாருக்கும் பத்து வந்ததில்லை. பத்து நிமிடத்தில் தவசியும் காசிமாயனும் போக இன்னும் இரண்டு பேர் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்கள். ஜெசிந்தாவின் போன் அடித்தது.

"அக்கா, பத்திரமா இருக்கீங்களா?" நிலோஃபரின் குரல். "இல்ல, நான் கேக்கணும். அழைச்சதும் முதல்ல இதைக் கேக்கணும்னு விதி."

"என்னம்மா இது? பொய்னு எழுதித்தானே குடுத்தேன்."

"அதனாலதான். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." நிலோஃபர் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இதுக்கு முன்னாடி நர்ஸுங்க புகாரைத் திருப்பி வாங்கினது நானூத்துச் சொச்சம் தடவை. முக்கால்வாசி, அடிச்சவனோட ஆளுங்க வீட்டுக்குப் போயி மிரட்டி எழுதி வாங்கினது. அத்தனைலயும் ஒரே வாசகம்தான், 'நான் பொய்யாக எழுதினேன்'. இனிமே அப்படி எந்த நர்ஸையும் மிரட்ட முடியாதபடி சாந்தத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நர்ஸ் பின்வாங்கினா, மிரட்டல். நம்பர் ஏறும். உங்களைக் காப்பாத்தத்தான்க்கா செஞ்சாங்க."

"என்னை யாரும் மிரட்டல."

"அப்படித்தான் அவங்களும் சொல்லிருக்காங்க."

"நான் சத்தியமா சொல்றேம்மா."

"சத்தியம் பண்ணினவங்கதான் ரொம்பப் பயந்தவங்கன்னு அதுல இருக்கு."

ஜெசிந்தா சுவரில் சாய்ந்தாள். "அங்க மனுசங்க யாரும் இல்லையா?"

"நான் இருக்கேன்க்கா," என்றாள் நிலோஃபர். "எனக்குப் பார்க்கத்தான் அனுமதி. மாத்த இல்ல."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. படுத்திருக்கிறவரால் யாரையும் போய் மிரட்ட முடியாது என்று சாந்தம் சரியாகவே கணித்திருந்தது. அப்படியானால் நடக்கக்கூடிய யாரோ மிரட்டியிருக்க வேண்டும். படுக்கைக்கு மேலிருந்த காது, 'நீங்க எழுதுனதுதான சிஸ்டர், நீங்களே அழிச்சு விட்ருங்க' என்பதை நாளும் நேரமும் போட்டு வைத்திருந்தது. குரலில் பதற்றம் இல்லாததைத் தனியாகக் குறித்திருந்தது. பஞ்சவர்ணத்தின் படம் வாயிலில் இருக்கும் திரையில் ஏறியது. மறுநாள் அவளை உள்ளே விடவில்லை.

வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியோடு நின்றுகொண்டு அவள் கேட்டாள், "அழிச்சிட்டீகளா சிஸ்டர்?"

"அழிச்சிட்டேன்க்கா," என்றாள் ஜெசிந்தா.

"பெறகு ஏன் என்னைய விட மாட்டேங்குறாக?"

தூக்குவாளியை வாங்கிக்கொண்டு ஜெசிந்தா உள்ளே வந்தாள். நாலு செக்யூரிட்டிகள் சோணைமுத்துவைப் பூப்போலப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் என்பதால் மற்ற ஆறு பேரையும் இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட முடிந்தது. அவர்களுடைய எண்ணும் ஒன்பதுக்கு மேலே போயிருந்தது.

அவளுக்கு விசாரணை வரவில்லை. அச்சமின்றிப் பணியாற்றியதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, கூடவே மனநல ஆலோசனைக்கு மூன்று அமர்வு. முதல் அமர்வில் அவள் நடந்ததைச் சொன்னாள். ஆலோசகர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவங்களை இன்னும் பாதுகாக்கிறீங்க, கவனிச்சீங்களா?" என்றார். இரண்டாவது அமர்வுக்கு அவள் போகவில்லை.

பெண்கள் வார்டு நர்ஸ் தேன்மொழி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜெசிந்தாக்கா, உங்களுக்கு நாலு பேராமே? எப்படி?"

"உண்மையை எழுதிக் குடுத்தேன்."

"எந்தப் படிவம்?"

வாரம் முடிவதற்குள் பெண்கள் வார்டில் ஐந்து திருத்தப் படிவம் போனது. எலும்பு முறிவு வார்டில் மூன்று. இந்தத் தடவை யாரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, நர்ஸுகளின் வாட்ஸாப் குழுவில் மாதிரிப் படிவமே வந்துவிட்டது. அதில் இருந்தவை ஜெசிந்தாவின் வாசகங்கள்தாம், பெயர் வரும் இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தது. எலும்பு முறிவு வார்டில் மிச்சமிருந்த செக்யூரிட்டிகளை வைத்து எக்ஸ்ரே இயந்திரத்தை இடம் மாற்றினார்கள்.

அவள் மறுபடியும் மையத்துக்குப் போன் போட்டாள். பதினாறு பெட் காலி. சிவப்பில்லாத பக்கவாத நோயாளி இப்போது யாருமே வருவதில்லை என்று எதிர்முனையில் வருத்தப்பட்டார்கள். அமைச்சருக்கு எழுதினாள். பரிசீலனையில் உள்ளது. நிலோஃபர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். அவள் இடத்துக்கு யாரையும் போடவில்லை, பார்ப்பதற்கு மட்டும் ஆள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

பஞ்சவர்ணம் தினமும் காலையில் வாயிலுக்கு வந்து தூக்குவாளியைக் கொடுப்பாள். முதல் வாரம் கேள்வி கேட்டாள். பிறகு கேட்பதில்லை. "கைய மட்டும் நீட்டி விடுங்க," என்பாள். ஜெசிந்தா உள்ளே போய் நீட்டிவிடுவாள். ஒவ்வொரு நாளும் விரல்கள் முந்தின நாளைவிடக் கொஞ்சம் அதிகமாக எதிர்த்தன. தவசியும் முயன்றான். சோணைமுத்து வலியைக் காட்டிக்கொள்ளாமல் கூரையைப் பார்ப்பார். சத்தம் போட்டால் மேலிருக்கும் காது கேட்டுவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை ஜெசிந்தா நகம் வெட்டுவதற்காக அந்தக் கையை எடுத்தாள். நகங்கள் உள்ளங்கையில் பதிந்து கோடு போட்டிருந்தன. கட்டைவிரலை நெம்பினாள், அசையவில்லை. வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பார்த்தாள். எண்ணெய் விட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் யாரோ நாலு படுக்கையிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"விடு தங்கச்சி," என்றார் சோணைமுத்து. "அது தூங்கட்டும்."

மேஜைக்கு வந்தபோது திரையில் ஒரு புதுப் பதிவு நின்றது. யாரும் டிக் அடிக்காமல், யாரும் எழுதாமல், சாந்தம் தானே பார்த்துப் போட்டது.

'நோயாளி இடது கையை முஷ்டியாக இறுக மடக்கி வைத்துள்ளார். கால அளவு: இடைவிடாமல்.'

ஜெசிந்தா அதை மூன்று தடவை படித்தாள். திருத்துவதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. கீழே 'பணியாளர் சரிபார்த்தார்' என்று ஒரு கட்டம் காத்திருந்தது.

அமுக்கினாள்.